டீச்சரைக் கேளுங்கள்: ஒரு கிலோ உப்பும் நாற்பது பிள்ளைகளும்

போன இதழில் ஒரு வாசகிக்குப் பதில் எழுதும்போது, "பத்தாம் வகுப்புக்குப் போவதற்குள் பிள்ளைகளை ஒரு தடவையாவது ஆனைமலை மழைக்காட்டுக்குள் நடக்க விடுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அது வினையாகிவிட்டது. ஜனவரியில் டாப்ஸ்லிப்புக்கும் வால்பாறைக்கும் கிளம்புகிற பள்ளிகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. அதனால் இந்தத் தடவை தேர்வு பயம், கையெழுத்து, ஞாபக மறதி எல்லாம் ஓரமாக நிற்கட்டும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் 31 வருடம் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் பதினேழு தடவை பிள்ளைகளை மேலே கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். முதல் தடவை நான் செய்த தப்புகளை வைத்தே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம்.

*

"டீச்சர், எங்க ஸ்கூல்ல நாற்பது பேரை டாப்ஸ்லிப் கூட்டிட்டுப் போறாங்க. காட்டுல அட்டை கடிக்கும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. எங்க அண்ணன் ஒரு கிலோ கல்லுப்பு வாங்கி வச்சிருக்கான். போதுமா? தூள் உப்பா வாங்கணுமா?"
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, தாராபுரம்)

அந்த உப்பை அம்மாவிடம் கொடுத்து ஊறுகாய் போடச் சொல், கண்ணு.

என் முதல் பயணத்தில் நான் ரெண்டு கிலோ கொண்டுபோனேன். ஆளுக்கொரு பொட்டலம். நடக்க ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் ஒருத்தி காலில் ஒரு அட்டை ஏறியது. அவள் போட்ட சத்தத்தில் எல்லாப் பொட்டலமும் பிரிந்துவிட்டது. அட்டை மேலே விழுந்த உப்பைவிட ஓடையில் விழுந்ததுதான் அதிகம். கூட வந்த வழிகாட்டி ஆனைமலைப் பழங்குடிகளான காடர் சமூகத்து ஆள், வயசானவர். சத்தமே போடாமல் குனிந்து தண்ணீரைக் காட்டினார். ஓரத்துப் பாறையில் பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு தவளை. தவளை தோல் வழியாகவும் மூச்சு விடுகிறது, தோல் வழியாகவே தண்ணீர் குடிக்கிறது என்று நான்தான் வகுப்பில் வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தோல்மேல் உப்பைக் கொட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

உப்பு போட்டால் இன்னொரு தொல்லையும் உண்டு. எரிச்சல் தாங்காமல் அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிடும். புண் சீழ் பிடிக்க அதுவே போதும். தீக்குச்சியால் சுடுவதும் அப்படித்தான்.

அட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒட்டுவாய் உண்டு. மெலிந்திருக்கும் முனைதான் கடிக்கிற வாய். அந்த முனைக்குப் பக்கத்தில் விரல் நகத்தை வைத்து, தோலை ஒட்டியபடியே மெல்லத் தள்ளு. அது விட்டதும் தடித்த பின்பக்கத்தையும் அதேபோலத் தள்ளிச் சுண்டிவிடு. பிய்த்து இழுக்கவே கூடாது. விட்டுவிட்டாலும் வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும், ஆனால் அதுவரை பார்த்துக்கொண்டு நிற்க உனக்குப் பொறுமை இருக்காது. எடுத்த பிறகும் ரத்தம் நிற்காமல் கசியும். பயப்படாதே. ரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலில் ஒரு பொருள் இருக்கிறது, அதன் வேலை அது. சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடி. வெள்ளை சாக்ஸில் பார்த்தால் கொலை நடந்த மாதிரி இருக்கும், உண்மையில் போனது சில சொட்டுதான். மூக்கிலோ கண்ணிலோ ஏறினால் மட்டும் நீயாக எதுவும் செய்யாமல் டீச்சரிடம் சொல், டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

ஏறாமல் இருக்க வழி கேட்டால், அட்டைச் சாக்ஸ். நெருக்க நெசவுத் துணியில் முழங்கால் வரை தைத்த ஒரு பை, அவ்வளவுதான். சாதாரண சாக்ஸுக்கு மேலே, பேன்ட்டை உள்ளே விட்டு, இதைப் போட்டு முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டிவிட்டு ஷூ போட வேண்டும். கடையில் விலை கூடுதல். நாங்கள் காடாத் துணி எடுத்து எங்கள் ஊர் டெய்லரிடமே தைத்துக்கொண்டோம். அவர் முதலில் தலையணை உறை என்று நினைத்து நாலு மூலையும் சதுரமாக வெட்டிவிட்டார். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் தடவுவார்கள். அது நாள் முழுக்கத் தேயிலைச் செடிக்குள் நிற்கிறவர்களுக்கு, மூன்று மணி நேரம் நடந்துவிட்டு வருகிற உனக்கு வேண்டாம். ஜனவரியில் மழை குறைந்து அட்டையும் குறைந்திருக்கும். ஒன்றுகூடக் கடிக்காமல் திரும்பினால் வீட்டில் சொல்லிக் காட்ட எதுவும் இல்லையே என்று நீயே வருத்தப்படுவாய் பார்.

*

"டீச்சர், புலி பார்க்க முடியுமா? உண்மையைச் சொல்லுங்க."
(ஏழாம் வகுப்பு மாணவன், உடுமலைப்பேட்டை)

முடியாது, சாமி.

2007-லிருந்து ஆனைமலை புலிகள் காப்பகம்தான், புலியும் இருக்கிறது. ஆனால் மழைக்காட்டுக்குள் பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்றே தெரியாது. பதினேழு தடவையில் நான் பார்த்தது ரெண்டு கால்தடமும் ஒரு மரத்தில் நகக் கீறலும்தான். உன்னை அது பார்த்திருக்கும்.

*

"பெண்ணுக்குப் பதினாலு வயசு. பயணத் தேதியும் அவள் தேதியும் ஒன்றாக வருகிறது. ரத்த வாடைக்கு மிருகம் வரும், காட்டில் தெய்வம் இருக்கிற இடம், தீட்டோடு போகக் கூடாது என்று மாமியார் சொல்கிறார். அவளோ அழுதுகொண்டே இருக்கிறாள். நிறுத்திவிடலாமா?"
(ஒரு தாய், பெருந்துறை)

நிறுத்தாதீர்கள், தங்கச்சி.

நாற்பது பிள்ளைகளில் இருபது பெண் பிள்ளைகள் என்றால், எந்தத் தேதியில் போனாலும் ரெண்டு மூன்று பேருக்கு அந்த நாளாகத்தான் இருக்கும். என் பதினேழு பயணத்திலும் இருந்தது, எனக்கே நாலைந்து தடவை இருந்தது. வாடைக்கு எந்த மிருகமும் எங்களைத் தேடி வந்ததில்லை. யானைக்கு மூக்கு கூர்மைதான், ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சந்தேகம் கிளப்புவது பிள்ளைகள் பேருந்தில் பூசிக்கொண்டு வரும் சென்ட். அதை வீட்டிலேயே பிடுங்கி வையுங்கள். தலைக்கு மல்லிகைச் சரமும் வேண்டாம்.

தெய்வ விஷயத்தில் உங்கள் மாமியாரோடு நான் வாதாடப் போவதில்லை. நடக்கிற பாதையில் கோயில் வந்தால் வெளியே நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும், அதற்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள்.

கவலைப்பட வேண்டியது வேறு விஷயம். நடைபாதையில் கழிப்பறை கிடையாது. கிளம்பும் முகாமில் போய்விட்டு வந்தால் மூன்று நான்கு மணி நேரம் தாங்க வேண்டும். இதைப் பயந்துகொண்டே பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வந்து, நடுப் பாதையில் தலைசுற்றி உட்காருவதை நான் அட்டைக்கடியைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். கூட வரும் டீச்சரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நாங்கள் நடுவில் ஒரு இடத்தில் பையன்களை முன்னால் அனுப்பிவிட்டு, ரெண்டு பெட்ஷீட்டைப் பிடித்து மறைவு கட்டிக்கொடுப்போம். மாற்றுவதற்கு வேண்டியதைச் சுருட்டி ஒரு ஜிப் பையில், பயன்படுத்தியதைப் போட இன்னொரு ஜிப் பை, அதைச் சுற்ற ஒரு பழைய துணிப்பை. திரும்பி வரும்போது எல்லாம் கூடவே வர வேண்டும். காட்டில் புதைத்தால் காட்டுப்பன்றி தோண்டி எடுத்துப் பாதையில் போட்டுவிடும். அடர் நிறப் பேன்ட் கொடுத்துவிடுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் சாக்கு மாதிரி கனக்கும், அன்றைக்கெல்லாம் காயாது.

*

"வணக்கம் மேடம். அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. உடற்பயிற்சி ஆசிரியரை வைத்து மாணவர்களுக்குத் தினமும் ஓட்டம், தண்டால் பயிற்சி கொடுக்கிறோம். வேறென்ன தயாரிப்பு செய்யலாம்?"
(ஆசிரியர், காங்கேயம்)

தண்டால் எதற்கு சார்? யாரோடு சண்டைக்குப் போகிறீர்கள்?

நடக்கப் பழக்குங்கள், அதுவும் மெதுவாக. உங்கள் ஊருக்குப் பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டத்து வாய்க்கால் வருகிறதல்லவா, அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து கிலோமீட்டர். முதுகில் அவரவர் கொண்டுவரப் போகும் பையே இருக்கட்டும், தண்ணீர் பாட்டிலோடு. ஷூவை ஒருநாள் வேண்டுமென்றே வாய்க்காலில் நனைத்துவிட்டு நடக்கச் சொல்லுங்கள். யாருக்கு எங்கே கொப்புளம் போடுகிறது என்பது காங்கேயத்திலேயே தெரிந்துவிட்டால் டாப்ஸ்லிப்பில் தெரிய வேண்டியதில்லை. புது ஷூ வாங்கியவர்கள் தினமும் பள்ளிக்கே அதைப் போட்டுக்கொண்டு வரட்டும்.

அந்தக் கரையில் நடக்கும்போது பிள்ளைகளிடம் ஒன்று கேளுங்கள்: இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதிப் பேர் திருமூர்த்தி அணை என்பார்கள். அதற்கு மேலே? அதற்கும் மேலே? சோலையாறு, பரம்பிக்குளம், தூணக்கடவு, அங்கிருந்து மலையைக் குடைந்து சர்க்கார்பதி மின்நிலையம், பிறகு மலையடிவாரக் கால்வாய், திருமூர்த்தி, கடைசியில் உங்கள் ஊர் மக்காச்சோளம். அந்த ஆறுகள் கோடையிலும் ஓடுவதற்குக் காரணம் அந்தக் காடு. மழை அங்கே நேராகத் தரையில் அடிப்பதில்லை. உயர்ந்த மரத்தின் உச்சியில் விழுந்து, அடுத்த அடுக்கில் சொட்டி, கொடியில் வழிந்து, ஒரு சாண் கனத்துக்குக் கிடக்கும் சருகில் ஊறி, அப்புறம்தான் மண்ணுக்குள் இறங்குகிறது. வால்பாறையில் வருடத்துக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. அவ்வளவும் மொட்டைப் பாறையில் கொட்டினால் அன்றைக்கே வெள்ளமாக வந்து அன்றைக்கே தீர்ந்துபோகும். வாய்க்கால் கரையில் இதைச் சொல்லிவிட்டால், மேலே போய் ஓடையைப் பார்க்கும்போது "நம்ம ஊருத் தண்ணி" என்று அதுகளாகவே சொல்லும். எங்கள் பிள்ளைகள் ஒருத்தன் குனிந்து, "போய்ட்டு வா, பின்னாலேயே வரோம்" என்று தண்ணீரிடம் சொன்னான். நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

அடுத்தது காது. இதற்குத்தான் ஐந்து வாரமும் வேண்டும்.

தினமும் கடைசிப் பிரிவேளையில் பத்து நிமிடம், பள்ளி வேப்பமரத்தடியில் எல்லாரும் ஒருவரையொருவர் தொடாமல் உட்கார வேண்டும். பேச்சு கிடையாது. காதில் விழும் சத்தத்தை எல்லாம் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் எல்லா நோட்டிலும் "பஸ், பைக், காக்கா, சத்துணவு அக்கா" என்று நாலே வரி இருக்கும். ரெண்டாவது வாரத்தில் ஒருத்தி காக்கையில் ரெண்டு குரல் என்று எழுதுவாள். நாலாவது வாரம் அணில் கத்துவது பூனைக்கா பருந்துக்கா என்று சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள். இதைச் செய்யாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு என் முதல் பயணமே சாட்சி. 42 பிள்ளைகள், வெள்ளைச் சட்டைச் சீருடை, வரிசைக்கு முன்னால் விசில். அந்தத் தவளையை விட்டால், மூன்று மணி நேரத்தில் நாங்கள் பார்த்தது ஒரு மலை அணிலின் வால். திரும்பி வந்ததும் பிள்ளைகள் எழுதிய கட்டுரைகளில் அதிகமாக வந்த வார்த்தை "பரோட்டா", வழியில் சாப்பிட்டது.

மழைக்காட்டில் கண்ணைவிடக் காதுதான் முன்னால் போகும். மேலே அறுபது எழுபது அடி உயரத்தில் இலைக்கூரை. சிள்வண்டு நிறுத்தாமல் இரையும். அந்த இரைச்சலைக் காது ஒதுக்கிவிட்டால்தான் மற்றது கேட்கும். ஓடைப் பக்கம் யாரோ சின்னப் பையன் சீட்டியடித்துப் பாட்டு பழகுவது போல இருந்தால் அது சீகாரப் பூங்குருவி. பெரிய கிளை ஒடிகிற சத்தத்துக்கு எல்லாரும் அசையாமல் நிற்க வேண்டும், ஒடிப்பது யானையாக இருக்கலாம். வழிகாட்டி கையைத் தூக்கினால் அந்த அடி அப்படியே நிற்க வேண்டும். இதையும் வாய்க்கால் கரையில் பழக்கிவிடுங்கள். நீங்கள் கையைத் தூக்குங்கள், கடைசியில் வருகிறவன் எத்தனை நொடியில் நிற்கிறான் என்று கடிகாரம் பாருங்கள்.

குழுவைப் பத்துப் பத்தாகப் பிரித்து விடுங்கள். நாற்பது பேரும் ஒரே வரிசையில் போனால் அதற்குப் பேர் ஊர்வலம்.

*

"நான் வெளிப்படையாகவே எழுதுகிறேன். யானை, பாம்பு இருக்கிற இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. பாம்பு கடித்தால் நீங்களா பதில் சொல்வீர்கள்? ஸ்மார்ட் போர்டில் நல்ல வீடியோ போட்டுக் காட்டினால் போதாதா?"
(ஒரு தந்தை, கோவை)

கோபம் நியாயமானதுதான் ஐயா. அதனால் பாம்பைப் பற்றி மறைக்காமலே சொல்கிறேன்.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நாலு பாம்புக்கானது. அதற்கு வேண்டிய விஷம் பெரும்பாலும் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. மழைக்காட்டில் அதிகம் கண்ணில் படுவது மலபார் குழிவிரியன். அது அந்த நாலில் சேராது. அது கடித்து உயிர் போவது மிக அரிது, ஆனால் வீக்கமும் வலியும் கடுமையாக இருக்கும். அது துரத்திக்கொண்டு வராது. இடுப்புயரக் கிளையிலோ பாறையிலோ பாசி நிறத்தில், பழுப்பில், சில சமயம் மஞ்சளில் அசையாமல் கிடக்கும். வழுக்கும்போது பார்க்காமல் கிளையைப் பிடிக்கிற கைக்குத்தான் ஆபத்து. அதனால் நாங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஊன்றுகோல் கொடுத்துவிடுவோம், மறுகை சட்டைப் பையில். கடித்துவிட்டால் கட்டு கிடையாது, கீறல் கிடையாது, வாய் வைத்து உறிஞ்சுவது கிடையாது. கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் தூக்கிக்கொண்டு வண்டிக்கு. அந்த வண்டி காட்டு முகப்பில் காத்திருக்க வேண்டும், டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கக் கூடாது. இதைப் பள்ளியில் கேளுங்கள். "வண்டி எங்கே நிற்கும், பக்கத்து ஆஸ்பத்திரி எது, எத்தனை நேரம்?" மூன்றுக்கும் உடனே பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள், நானே சொல்கிறேன்.

வீடியோவைப் பற்றிச் சொன்னீர்கள். நானும் போட்டிருக்கிறேன், நல்ல வீடியோ. அதில் ஒரு மணி நேரத்தில் புலி வருகிறது, யானை குட்டி போடுகிறது, பின்னணியில் வயலின் வாசிக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நிஜக் காட்டுக்கு வந்த பையன் பத்து நிமிடத்தில் என்னிடம் கேட்டது: "டீச்சர், எப்ப ஆரம்பிக்கும்?"

*

"அனுமதி யாரிடம் வாங்குவது? பள்ளி என்றால் சலுகை உண்டா?"
(தலைமை ஆசிரியர், பழனி)

சலுகையை விடுங்கள், அனுமதி முக்கியம். பொள்ளாச்சியில் இருக்கும் ஆனைமலை புலிகள் காப்பக அலுவலகத்துக்குப் பள்ளியின் கடிதத்தோடு இப்போதே போங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. அனுமதியில்லாத பாதையில், வழிகாட்டி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. "எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கார், உள்ள விட்ருவார்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போடவும் வேண்டாம். காய்ச்சல் காலம் என்று பாதைகளை மூடினாலும் மூடிவிடுவார்கள். காய்ச்சல் என்றால் வெயிலில் காடு காய்ந்து தீப்பிடிக்கிற பருவம், உடம்புக்கு வருவது இல்லை.

*

"பேரன் வால்பாறை போகிறான். நாற்பது கொண்டை ஊசி வளைவாம், வாந்தி எடுப்பான். முறுக்கு, அதிரசம் ஒரு தூக்கு நிறையச் செய்து கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடட்டும்."
(ஒரு பாட்டி, திண்டுக்கல்)

பெரியம்மா, உங்கள் அதிரசத்துக்கு நானே பின்னால் வருவேன். ஆனால் ஏறும்போது வேண்டாம். ஆழியாறிலிருந்து வளைவு தொடங்குகிறது. அதற்கு முன்னால் ரெண்டு இட்லி, அதற்கு மேல் எதுவும் வயிற்றில் இருக்கக் கூடாது. ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். முன் சீட்டில் உட்காரச் சொல்லுங்கள், செல்போனைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வரட்டும். ஒன்பதாவது வளைவில் இறங்கினால் காற்றும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் பாறையில் வரையாடும் நிற்கும்.

தூக்கில் கொடுப்பது ரொம்ப சரி. பாக்கெட் பண்டம் எதுவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒருமுறை தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக் கடைகளில் 2019-லிருந்து தடை என்றாலும் சிப்ஸ் பாக்கெட் எப்படியோ மலை ஏறிவிடுகிறது. ஒன்று மட்டும் பேரனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: வால்பாறைக்குப் பக்கத்தில் புதுத்தோட்டம் என்ற இடத்தில் ரோட்டோரத்திலேயே சோலைமந்தி உட்கார்ந்திருக்கும். கறுத்த உடம்பு, முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, சிங்கத்துக்கு இருப்பது போல வால் நுனியில் குஞ்சம். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும்தான் இருக்கிறது. அது வெடிப்பலா மரத்துப் பூவும் விதையும் தின்று உச்சாணியிலேயே வாழ வேண்டிய பிராணி. சுற்றிலும் காட்டை வெட்டித் தேயிலை போட்டதில், துண்டு நிலத்துக்குள் மாட்டிக்கொண்டது. ரோட்டைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுச் செத்ததால், மரத்துக்கு மரம் அதற்கென்றே தொங்குபாலம் கட்டி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு மேலே ஏற்றி அனுப்பினால், கீழே நின்று ஒருத்தர் முறுக்கைக் காட்டிக் கூப்பிடுகிறார். கொடுப்பது சட்டப்படி குற்றமும்கூட.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பேரன் தங்கும் இடத்தை விட்டுத் தனியாக வெளியே வரக் கூடாது. அங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. இதைச் சொல்லிப் பயமுறுத்தலாம், தப்பில்லை.

*

"டாப்ஸ்லிப்பில் பேருந்தை விட்டு இறங்கினாலே மழைக்காடுதானே? அங்கே தெரிவது எல்லாம் தேக்கு என்று என் நண்பன் சொல்கிறான். யார் சொல்வது சரி?"
(பதினோராம் வகுப்பு மாணவன், கோபிசெட்டிபாளையம்)

உன் நண்பன்.

சேத்துமடை தாண்டி ஏறியதும் உயர உயரமாய் நேராக நிற்கிற மரங்களைப் பார்த்து எல்லாரும் "அடேயப்பா, காடு!" என்பார்கள். அது மனிதன் நட்ட தோப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் மரங்களை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரிவில் வழுக்கிவிட்டதால்தான் அந்த இடத்துக்கு டாப்ஸ்லிப் என்றே பேர். வெட்டி மொட்டையான மலையில் திரும்பத் தேக்கை வளர்த்தவர் ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் மண்ணில் குத்தி, சட்டைப் பையிலிருந்து விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே நடப்பார் என்று இன்றைக்கும் அங்கே சொல்வார்கள். 1933-ல் இறந்தார். அவர் வளர்த்த தேக்குகளுக்கு நடுவிலேயே கல்லறை இருக்கிறது. "என் நினைவுச்சின்னம் வேண்டுமா, சுற்றிப் பார்" என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி அதன்மேல் உண்டு. பெரிய மனுஷன்தான். ஆனாலும் தேக்குத் தோப்பு மழைக்காடு ஆகாது. வெயில் காலத்தில் இலை மொத்தமும் உதிர்ந்து ஆகாயம் தெரியும், காலடியில் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வரும்.

அந்தத் தேக்குக்குள் நடந்து கரியன்சோலைக்குள் நுழையும் இடம் இருக்கிறதே, அதை மட்டும் தவறவிடாதே. வாசல்படி தாண்டுவது போல இருக்கும். சட்டென்று வெளிச்சம் மங்கும். முதுகு வியர்வை குளிரும். சருகின் சத்தம் நின்று கால் மெத்தையில் அமிழும். மரத்தின் அடியில் ஆள் உயரப் பலகை வேர்கள் சுவர் மாதிரி விரிந்திருக்கும். இலைகளை எடுத்துப் பார், வேறு வேறு சாதி மரம், ஆனால் முக்கால்வாசி இலைக்கு நுனி வால் போல நீண்டிருக்கும், மேலே விழுந்த தண்ணீர் வடிந்து ஓடுவதற்கு. வெடிப்பலாவில் பூ கிளை நுனியில் இருக்காது, நம் பலா போலவே தடித்த கிளையிலேயே கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். பேர்தான் சோலை, அசல் பசுமைமாறா மழைக்காடு அது. 2012-ல் மேற்குத் தொடர்ச்சி மலையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தபோது இந்தக் கரியன்சோலையும் அதில் இருந்தது.

என் பிள்ளைகளை அந்த எல்லையில் பத்து தடவை முன்னும் பின்னுமாக நடக்கவிடுவேன். பாடப் புத்தகத்தில் நாலு பக்கம் இருப்பது அந்த ரெண்டு எட்டில் இருக்கிறது.

*

"போன வருடம் பயணம் போய்வந்த பிறகு பையனுக்கு ரெண்டு வாரம் கழித்துக் காய்ச்சல். இந்தத் தடவை தங்கை போகிறாள். முன்னெச்சரிக்கை உண்டா?"
(ஒரு தாய், கரூர்)

திரும்பி வந்த அன்றைக்கே துணி மொத்தமும் வெந்நீரில், பிள்ளை குளியலறையில். அக்குள், இடுப்பு, முழங்கால் பின்பக்கம் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கறுத்த பொருக்கு இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். வலிக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே "காட்டுக்குப் போய் வந்தாள்" என்று சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாத்திரையில் தீர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் வெறும் வைரஸ் காய்ச்சல் என்று நாலு நாள் வீணாகப் போகும். நடக்கும்போது தரையில், சருகில் நேராக உட்காராமல் ஒரு ரப்பர் ஷீட் விரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

*

"எனக்கு மைனஸ் ஆறு பவர். கண்ணாடி இல்லாமல் எதுவும் தெரியாது. மழையில் கண்ணாடி மங்கிவிடும், நான் வந்து என்ன பார்க்கப் போகிறேன் என்று கிளாஸில் கேலி செய்கிறார்கள். பேர் கொடுக்கட்டுமா வேண்டாமா?"
(எட்டாம் வகுப்பு மாணவன், பல்லடம்)

கொடு.

உன்னை மாதிரியே சோடாப்புட்டிக் கண்ணாடியோடு எங்கள் பள்ளியில் ஒருத்தன் வந்தான். வேப்பமரத்தடி நோட்டில் அவனுக்குத்தான் வரி அதிகம். கரியன்சோலைக்குள் நுழைந்து அரை மணி நேரத்தில் அவன் கண்ணாடி முழுக்க ஆவி. துடைப்பான், மறுபடி மங்கும். கடைசியில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, முன்னால் போகிறவன் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தான். மற்றவர்கள் எல்லாரும் மேலே அண்ணாந்து எதையாவது தேடிக்கொண்டிருந்தபோது இவன் நின்றுவிட்டான். "டீச்சர், ரயில் வருது" என்றான். சிரித்தார்கள். வழிகாட்டி மட்டும் சிரிக்கவில்லை, கையைத் தூக்கினார்.

இருவாச்சி பறக்கும்போது இறக்கை அடிக்கிற சத்தம் அப்படித்தான் இருக்கும், பழைய நீராவி இன்ஜின் ஏற்றத்தில் மூச்சு வாங்குவது போல. ஜனவரி அதன் கூடு கட்டும் காலம். பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு கீற்று இடைவெளி மட்டும் விட்டு. மூன்று நாலு மாதம் ஆண்தான் அத்திப்பழம் கொண்டுவந்து அந்தக் கீற்று வழியாக ஊட்ட வேண்டும். ஆணுக்கு ஏதாவது ஆனால் உள்ளே இருக்கிற தாய்க்கும் குஞ்சுக்கும் சோறு இல்லை. எங்கள் தலைக்கு மேலே போனது அப்படித் தீனி தேடிப் போன ஒரு ஆண். இலை இடுக்கில் மஞ்சள் அலகும் கறுப்புப் பட்டை போட்ட வெள்ளை வாலும் ஒரு கணம் தெரிந்து மறைந்தது. ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தது, அதையும் அவன்தான் முதலில் சொன்னான். நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம், அவன் பார்க்கவில்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது, எது முதலில் கேட்டது, எந்தப் பக்கம் போனது என்று அவனிடம்தான் எல்லாரும் கேட்டு எழுதிக்கொண்டார்கள்.

கண்ணாடியின் ரெண்டு காம்பையும் சேர்த்து ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொள். வழுக்கி விழுந்தால் தேட வேண்டாம். துடைக்கப் பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டு எடுத்துக்கொள், மெல்லிய சோப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் தடவித் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் மங்காது. துணியை முதுகுப் பையில் வைக்காதே, அங்கே வைத்தால் உன் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் போய்விடும். சட்டைப் பையில் வை.